வருஷம் முழுக்க ஊர்: ஆஸ்பரி பார்க்கில் யாரை எண்ணினார்கள்?

கடற்கரை ஊர்களைப் புதுப்பிக்கும் திட்டங்கள் எதை எடுத்துப் பார்த்தாலும் ஒரு வாக்குறுதி தவறாமல் இருக்கும்: இந்த ஊர் இனிமேல் மூணு மாச சீசனை நம்பிப் பிழைக்காது, வருஷம் பூராவும் மக்கள் வாழும் ஊராக மாறும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நடக்க இடமில்லாத கூட்டம், செப்டம்பர் வந்ததும் ஷட்டர் இறக்கிய கடைகள் என்று கிடக்கும் ஊரை யார்தான் விரும்புவார்கள்?

இந்த வாக்குறுதியைச் சோதித்துப் பார்க்க ஒரு நல்ல ஊர் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், நியூயார்க்கிலிருந்து ரயிலில் சுமார் இரண்டு மணி நேரத் தொலைவில் உள்ள ஆஸ்பரி பார்க். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1973-இல் தன் முதல் ஆல்பத்துக்கே இந்த ஊரின் பெயரை வைத்ததால் பாட்டு கேட்பவர்களுக்குப் பழகிய பெயர். 2002-இல் இந்த ஊரின் கடலோரத்துக்குப் பெரிய மறுசீரமைப்புத் திட்டம் ஒன்று வந்தது. 3,000-க்கும் மேற்பட்ட புது வீடுகளுக்கு இடம் ஒதுக்கிய திட்டம். அதற்குப் பிறகு வந்த கட்டடங்கள், ஹோட்டல்கள், உணவகங்கள் பற்றி அமெரிக்கப் பத்திரிகைகள் நிறைய எழுதிவிட்டன. மீண்டெழுந்த ஊர் என்றுதான் பொதுவாகச் சொல்கிறார்கள்.

இப்போது மக்கள்தொகைக் கணக்கைப் பார்ப்போம். 2000-இல் 16,930 பேர். 2010-இல் 16,116. 2020-இல் 15,188. இருபது வருஷத்தில் 1,742 பேர் குறைவு, அதாவது பத்து சதவீதம். வருஷம் முழுக்க மக்கள் வாழும் ஊரை உருவாக்குவதாகச் சொன்ன காலத்தில்தான் வருஷம் முழுக்க வாழ்பவர்கள் குறைந்திருக்கிறார்கள்.

திட்டம் தோல்வி என்று இதைவைத்து ஒரு வரியில் முடித்துவிடலாம். ஆனால் எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறு. ஆஸ்பரி பார்க்கில் வருஷம் முழுக்க வாழ்ந்த ஒரு சமூகம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. கடலோரத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில், ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். அவர்களை யாரும் 'ஊர்' என்று எண்ணவில்லை. அதனால்தான் புதிதாக ஒரு ஊரைக் கட்ட வேண்டியிருந்தது.

கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம். நியூயார்க்கில் பிரஷ் தயாரித்துப் பணம் சேர்த்த ஜேம்ஸ் பிராட்லி, 1871-இல் இங்கே சுமார் 500 ஏக்கர் வாங்கினார். தெற்கே ஒட்டியிருக்கும் ஓஷன் குரோவ், 1869-இல் மெதடிஸ்ட் கிறிஸ்தவர்கள் அமைத்த பிரார்த்தனை முகாம். பிராட்லியும் மெதடிஸ்ட்தான். அமெரிக்காவின் முதல் மெதடிஸ்ட் பிஷப்களில் ஒருவரான பிரான்சிஸ் ஆஸ்பரியின் பெயரையே ஊருக்கு வைத்தார். மரப்பலகை பாவிய கடலோர நடைபாதை, அதாவது போர்டுவாக், அதை ஒட்டி ஹோட்டல்கள், கேளிக்கைக் கூடங்கள் என்று ஊர் வளர்ந்தது.

ஹோட்டல் என்றால் சமையல், துணி துவைப்பு, பெட்டி தூக்குவது எல்லாம் உண்டே, அதை யார் செய்தார்கள்? பெரும்பாலும் கறுப்பினத் தொழிலாளர்கள். தெற்கு மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். அவர்களும் இத்தாலியர், யூதர் போன்ற குடியேறிகளும் தண்டவாளத்துக்கு மேற்கே குடியிருந்தார்கள். அந்தப் பகுதி அப்போது ஊர் எல்லைக்குள்ளேயே இல்லை. 1906-இல்தான் ஆஸ்பரி பார்க்கோடு சேர்த்தார்கள். அதற்கு முன்பே, 1880களில், கறுப்பின மக்கள் கடற்கரைக்கும் நடைபாதைக்கும் வருவதைக் கட்டுப்படுத்த பிராட்லி முயன்றார். அது பத்திரிகைகளில் சர்ச்சையும் ஆனது. கடற்கரையை நடத்த அவர்கள் வேண்டும், கடற்கரையில் அவர்கள் இருக்கக் கூடாது. ஊரின் அடித்தளத்திலேயே இருந்த கோணல் இது.

ஆனால் விருந்தாளிகள் ஊருக்குக் கிளம்பிய பிறகு அங்கேயே இருந்தது யார்? மேற்குப் பக்கத்துக்காரர்கள்தான். ஸ்பிரிங்வுட் அவென்யூவில் அவர்களுடைய கடைகள், சலூன்கள், தேவாலயங்கள், இசைக் கூடங்கள் இருந்தன. கியூபாஸ், ஆர்க்கிட் லவுஞ்ச் போன்ற இடங்களின் பெயர்கள் ஜாஸ் இசை வரலாற்றில் வருகின்றன. டேனியல் வுல்ஃப் 2005-இல் எழுதிய 'ஃபோர்த் ஆஃப் ஜூலை, ஆஸ்பரி பார்க்' புத்தகத்தின் பெரிய பலமே, ராக் இசை ரசிகர்களின் நினைவுகளோடு நின்றுவிடாமல் தண்டவாளத்தின் இரண்டு பக்கத்தையும் ஒரே கதையாகச் சொன்னதுதான்.

இன்னொரு விஷயமும் மறந்துபோகிறது. ஆஸ்பரி பார்க் ஒருபோதும் வெறும் சீசன் ஊராக இருந்ததில்லை. சுற்றுவட்டாரம் முழுக்கத் துணிமணி வாங்க வந்த ஊர் இது. குக்மன் அவென்யூவில் இருந்த ஸ்டைன்பாக் பல்பொருள் அங்காடி அந்தக் காலத்தில் பெரிய பெயர். டிசம்பரிலும் கூட்டம் இருக்கும். 1950களில் கார்டன் ஸ்டேட் பார்க்வே என்ற நெடுஞ்சாலை வந்தது. காரில் வருபவர்கள் இன்னும் தெற்கே வேறு கடற்கரைகளுக்குப் போக ஆரம்பித்தார்கள். 1960-இல் பக்கத்து ஈட்டன்டவுனில் மன்மத் ஷாப்பிங் சென்டர் திறந்தது. குளிர்கால வியாபாரம் அங்கே போயிற்று. ஸ்டைன்பாக் 1979-இல் மூடப்பட்டது. ஆகவே கடலோரம் வெறிச்சோடியதற்கு வானிலையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. வருஷம் முழுக்க ஓடிய வியாபாரம் நெடுஞ்சாலை ஓரத்துக்கு இடம் மாறியதும் ஒரு காரணம்.

குளிர்காலத்தில் கூட்டம் வராதா என்ற ஏக்கம் இந்த ஊருக்கு எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு சம்பவம். 1934 செப்டம்பரில் 'மோரோ காஸில்' என்ற பயணிகள் கப்பல் கடலில் தீப்பிடித்து 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கருகிய கப்பல் ஆஸ்பரி பார்க்கின் கன்வென்ஷன் ஹால் கட்டடத்துக்கு எதிரிலேயே கரைதட்டி நின்றது. அதைப் பார்க்க ஆயிரக்கணக்கில் ஜனம் வந்தது. சீசன் முடிந்த பிறகும் வியாபாரம். 1935 மார்ச்சில் இழுத்துக்கொண்டு போகும்வரை அது ஒரு காட்சிப்பொருளாகவே இருந்தது. வெளியிலிருந்து வரும் கூட்டம்தான் ஊருக்கு உயிர் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது என்பது இதில் தெரிகிறது.

1970 ஜூலை 4 வாரக் கடைசியில் மேற்குப் பக்கம் வெடித்தது. கலவரம் ஒரு வாரத்துக்குக் கிட்டத்தட்ட நீடித்தது. ஸ்பிரிங்வுட் அவென்யூ எரிந்தது. வீட்டு வசதி, போலீஸ் நடத்தை என்று பல குறைகள். அவற்றில் ஒன்றை இங்கே குறிப்பிட வேண்டும். கடலோரத்தின் கோடைகால வேலைகள்கூட உள்ளூர்க் கறுப்பின இளைஞர்களுக்குக் கிடைக்காமல் வெளியூர்ப் பிள்ளைகளுக்குப் போகின்றன என்ற கோபம். அதாவது சீசனிலும் பங்கில்லை, சீசன் இல்லாத மாதங்களிலும் வேலையில்லை. கலவரத்துக்குப் பிறகு அந்தத் தெருவில் பல மனைகள் பல பத்தாண்டுகள் காலியாகவே கிடந்தன.

அதன்பின் மறுசீரமைப்பு என்ற சொல் வந்தபோதெல்லாம் விரல் கடலோரத்தையே காட்டியது. 1980களில் கனெக்டிகட்டைச் சேர்ந்த கராபெட்டா நிறுவனம் வந்தது. கடலைப் பார்த்து ஒரு உயர்ந்த கட்டடத்துக்கு இரும்புச் சட்டகம் எழும்பியது. பணம் தீர்ந்தது, வேலை நின்றது, 1992-இல் நிறுவனம் திவால். மனையின் எண்ணை வைத்து 'சி-8' என்றே அழைக்கப்பட்ட அந்த எலும்புக்கூடு 2006 வரை நின்று, பிறகு வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதே இடத்தில் 'எஸ்பெரான்ஸா' என்ற அடுத்த கட்டடம் ஆரம்பித்தது. ஸ்பானிய மொழியில் நம்பிக்கை என்று அர்த்தம். வீட்டுச் சந்தை சரிந்ததும் அதுவும் நின்றுபோனது. கடன் கொடுத்த ஐஸ்டார் நிறுவனமே பிறகு திட்டத்தைக் கையில் எடுத்தது. 2019-இல் அதே மனையில் 17 மாடியில் 'ஆஸ்பரி ஓஷன் கிளப்' திறந்தது. 130 சொகுசு வீடுகள், கூடவே ஒரு சிறிய ஹோட்டல்.

ஒரே மனையில் மூன்று முயற்சி. ஏன் இவ்வளவு பிடிவாதம்? கடல் தெரியும் ஜன்னலுக்குத்தான் அதிக விலை. கடலோரத்தின் பழைய குழாய், சாக்கடை, சாலை எல்லாவற்றையும் சரிசெய்யும் சுமையும் டெவலப்பர் தலையில் வைக்கப்பட்டது. நகராட்சியிடம் பணமில்லை, ஆகவே அது நியாயமான ஏற்பாடாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் அந்தச் செலவை டெவலப்பர் எங்கிருந்து எடுப்பார்? வீட்டு விலையிலிருந்துதான். அந்த விலையை யார் கொடுப்பார்கள்? இன்னொரு ஊரில் நல்ல வேலையும், அநேகமாக இன்னொரு வீடும் உள்ளவர்கள். அவர்களில் பலருக்கு இது வார இறுதி வீடு.

என் விமர்சனத்தின் மையம் இதுதான். திட்டம் வருஷம் முழுக்க வாழும் மக்களை விரும்பியது. ஆனால் திட்டத்துக்குப் பணம் வரும் வழியோ சீசனுக்கு வருபவரைத்தான் தேடியது. இதில் யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை. விலையே ஆளைத் தேர்ந்தெடுத்துவிடும்.

இங்கே இரண்டு மறுப்புகள் வரலாம். முதலாவது, மக்கள்தொகை குறைவதை வைத்து மட்டும் எப்படித் தீர்ப்பு சொல்வது? ஐந்து பேர் குடும்பம் இருந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் இருந்தால் எண்ணிக்கை குறையத்தானே செய்யும்? குடியேறிகளும் ஏழைகளும் கணக்கெடுப்பில் விடுபடுவதும் உண்டு. சரியான மறுப்புதான். ஆனால் முதல் பாதியையே திருப்பிக் கேட்கிறேன்: அந்த ஐந்து பேர் குடும்பம் எங்கே போனது? இன்னொன்று, அமெரிக்கக் கணக்கெடுப்பு ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கேதான் அவரை எண்ணுகிறது, அதுவும் ஏப்ரல் 1 நிலவரப்படி. அதாவது சீசனுக்கு முன்னால். வார இறுதி வீட்டுக்காரர் அதில் வரமாட்டார். வருஷம் முழுக்க என்ற வாக்குறுதியை அளக்க இதைவிடப் பொருத்தமான கணக்கு வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஒன்றுமே செய்யாமல் விட்டிருக்க வேண்டுமா? 1990களின் ஆஸ்பரி பார்க்கைப் பற்றி யாரும் ரொமான்டிக்காகப் பேச முடியாது. ஸ்பிரிங்ஸ்டீனே 2000-இல் 'மை சிட்டி ஆஃப் ருயின்ஸ்' என்று இந்த ஊருக்காக எழுதினார். போர்டுவாக் இப்போது உயிரோடு இருக்கிறது. வேலைகள் வந்திருக்கின்றன. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் கவனித்துப் பாருங்கள், குக்மன் அவென்யூவும் பழைய விக்டோரியன் வீடுகளும் மீள ஆரம்பித்தது பெரிய திட்டத்தால் அல்ல. 1990களின் கடைசியிலிருந்தே நியூயார்க்கிலிருந்தும் வேறு ஊர்களிலிருந்தும் தன்பாலீர்ப்பாளர் பலர் இங்கே பாழடைந்த வீடுகளை மலிவாக வாங்கிச் சீர்செய்தார்கள், கடை வைத்தார்கள், குடியிருந்தார்கள். ஸ்டைன்பாக் கட்டடமே பின்னர் குடியிருப்பாக மாறியது. 17 மாடி எழும்புவதற்கு வெகுகாலம் முன்பே, கடல் தெரியாத தெருக்களில் குளிர்கால விளக்கு எரிய ஆரம்பித்துவிட்டது. அதுவும் வாடகையை ஏற்றியது, உண்மைதான். ஆனாலும் அங்கே வந்தவர்கள் ஊரில் இருந்தார்கள்.

அடுத்து, பள்ளிக்கூடம். நியூ ஜெர்சியில் பள்ளி செப்டம்பரில் திறந்து ஜூனில் மூடும். கடற்கரை ஜூனில் திறந்து செப்டம்பரில் மூடும். சீசன் ஊரில் சீசனுக்கு நேர் எதிர்ப் பஞ்சாங்கத்தில் ஓடும் நிறுவனம் பள்ளிதான். வருஷம் முழுக்க ஊர் என்றால் முதலில் பார்க்க வேண்டியது அதையல்லவா? ஆஸ்பரி பார்க் பள்ளி மாவட்டம், ஏழைப் பிள்ளைகளுக்குச் சமமான கல்வி நிதி வேண்டும் என்று நடந்த ஆபட் வழக்கின் கீழ் மாநில உதவி பெற்ற 31 மாவட்டங்களில் ஒன்று. இந்த வருஷங்களில் அதன் மாணவர் எண்ணிக்கை குறைந்துகொண்டேதான் வந்தது.

மாநிலச் சட்டமும் இதற்கு உதவுவதில்லை. மறுசீரமைப்புப் பகுதியில் வரும் கட்டடங்களுக்கு வழக்கமான சொத்து வரிக்குப் பதிலாக ஒரு கட்டணம் வாங்கிக்கொள்ள நியூ ஜெர்சி நகரங்களுக்கு அனுமதி உண்டு. 30 வருஷம் வரைக்கும்கூட. நீண்டகால ஏற்பாட்டில் அந்தக் கட்டணத்தில் 95 சதவீதம் நகராட்சிக்கு, 5 சதவீதம் கவுண்ட்டிக்கு. பள்ளி மாவட்டத்துக்கு நேரடிப் பங்கு கிடையாது. எந்த ஊராக இருந்தாலும் இந்த வழியில் கட்டினால், ஊரை நிரப்பப்போவதாகச் சொல்லும் கட்டடமே பள்ளிக்கு வரி கட்டாத கட்டடமாக நிற்கும்.

குறைந்த வருமானத்தாருக்கான வீடுகள் விஷயத்திலும் இப்படி ஒரு முரண். 1975-இல் வந்த மவுண்ட் லாரல் தீர்ப்பின்படி நியூ ஜெர்சியின் ஊர்கள் ஒவ்வொன்றும் அப்படிப்பட்ட வீடுகளில் தன் பங்குக்கு இடம் கொடுக்க வேண்டும். ஆனால் ஏற்கெனவே ஏழைகள் நிறைந்த ஊர்களுக்கு, வருங்காலத் தேவைக்கான பங்கிலிருந்து விலக்கு. சுமையை மறுபடியும் அவர்கள் மேலேயே ஏற்றக் கூடாது என்ற நல்ல எண்ணம். ஆஸ்பரி பார்க் அந்த விலக்குப் பட்டியலில் உள்ள ஊர். கடலோரம் விலையேறும்போதும் விலக்கு தொடர்கிறது. ஏழை ஊர் என்ற அடையாளம், ஏழைகளுக்கு வீடு கட்டாமலிருக்க அனுமதிச் சீட்டாகிவிட்டது.

இது ஒரு ஊரின் கதை மட்டுமில்லை என்பதற்கு வடக்கே சில மைல் தள்ளியிருக்கும் லாங் பிராஞ்ச் சாட்சி. அதுவும் பழைய கோடைகால ஊர், யுலிஸஸ் கிராண்ட் முதல் உட்ரோ வில்சன் வரை ஏழு ஜனாதிபதிகள் வந்து தங்கிய இடம். 2005-இல் அங்கே பியர் வில்லேஜ் என்ற கடைகளும் குடியிருப்பும் சேர்ந்த வளாகம் திறந்தது. அடுத்த கட்டத்துக்காக, பக்கத்தில் கடலோரத்து மூன்று தெருக்களில் இருந்த சிறிய வீடுகளைப் பாழடைந்த பகுதி என்று அறிவித்துக் கையகப்படுத்த நகராட்சி முயன்றது. பல வருஷமாகக் குடியிருந்தவர்கள், வயதானவர்கள், வழக்கு போட்டார்கள். பாழ் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. 2009-இல் சமரசம், வீடுகள் தப்பின. ஊரை வருஷம் முழுக்க நிரப்பும் திட்டத்துக்காக, வருஷம் முழுக்க இருந்தவர்களை வெளியேற்றப் பார்த்தார்கள். இதை வேறு எப்படிச் சொல்வது?

ஆஸ்பரி பார்க்கில் பிற்பாடு சில திருத்தங்கள் வந்தன. குடியிருப்போர் அமைப்புகள் அழுத்தம் கொடுத்து, 2021-இல் நகர மன்றம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது. விருந்தாளிகளுக்குச் சில நாள் வாடகைக்கு விடுவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. இவையெல்லாம் ஆறேழு பக்க விதிகள், அழகான வரைபடம் கிடையாது, திறப்பு விழா கிடையாது. ஆனால் 17 மாடியைவிட இவைதான் வருஷம் முழுக்க என்ற சொல்லுக்கு நெருக்கமானவை என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் இவை ஏற்கெனவே இருப்பவர் தொடர்ந்து இருப்பதற்கானவை. இருபது வருஷம் தாமதமாக வந்தன என்பதுதான் வருத்தம்.

கடலோரத் திட்டம் எதையாவது இனி நீங்கள் படிக்க நேர்ந்தால் அதில் மூன்று விஷயங்களைத் தேடிப் பாருங்கள். புது வீடுகளில் எத்தனை முதன்மை வசிப்பிடம் என்று யாராவது கணக்கு வைப்பார்களா? பள்ளிக்கு எவ்வளவு போகும்? இப்போது அங்கே வாடகைக்கு இருப்பவர் பத்து வருஷம் கழித்தும் இருக்க வழி என்ன? எத்தனை மாடி, எத்தனை கடை, எத்தனை கார் நிறுத்தலாம் என்பதற்கெல்லாம் பதில் இருந்து, இந்த மூன்றுக்கும் இல்லையென்றால், அது இன்னும் நீளமான சீசனுக்கான திட்டம்.

ஸ்பிரிங்வுட் அவென்யூவில் இருப்பவர்களுக்குப் பிப்ரவரி புதிதில்லை. அந்த ஊரில் நூறு வருஷத்துக்கு மேலாக ஒவ்வொரு பிப்ரவரியையும் கடந்தவர்கள் அவர்கள்தான். வருஷம் முழுக்க ஊரை எப்படி நடத்துவது என்று அவர்களைக் கேட்டிருந்தால், திட்டம் வேறு தெருவிலிருந்து தொடங்கியிருக்கும்.